மூன்று பேரும் மற்ற இருவரைக் காட்டினார்கள்

மதி,

வரும் புதன்கிழமை உனக்கு விமானம் என்று உன் அம்மாதான் சொன்னாள். நீ உள் அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய். நான் கூடத்தில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் பத்தடி தூரம். பத்தடி தூரத்தில் இருக்கும் மகனுக்குக் கடிதம் எழுதுகிற அப்பன் இந்தச் செம்பாக்கத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மேடையில் இரண்டு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் பேசியவனுக்கு, பெற்ற பிள்ளையிடம் ஒரு விஷயத்தை வாய் திறந்து சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன். பெட்டியில் துணிகளுக்கு மேலே வைத்துவிடுவேன். போய் இறங்கி, குளிருக்கு ஒரு காப்பி குடித்துவிட்டுப் படி. இங்கேயே படித்துவிட்டால் நாம் இருவரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொள்ள வேண்டி வரும். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை.

நீ போகிற வேலை என்ன என்பதும் அம்மா மூலமாகத்தான் தெரியும். போர்களில் செத்துப்போன பொதுமக்களைப் பற்றி, பிழைத்தவர்கள் எழுதித் தருகிற வாக்குமூலங்களைச் சேர்த்து வைக்கும் ஒரு சிறிய அமைப்பு என்றாள். தமிழில் வருவதையெல்லாம் நீ படித்து ஆங்கிலத்தில் பதிய வேண்டும் என்றாள். "வக்கீலுக்குப் படிச்சுட்டு இந்த வேலைக்கா போறான்?" என்று நான் அவளிடம் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அவன் ஏன் போறான்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். தெரியும். எட்டு வருடத்துக்கு முன்னால் குடியரசு தினத்தன்று நான் அடித்த ஒரு ஜோக்கினால்தான் நீ போகிறாய். ஆனால் நீ பாதியைத்தான் பார்த்தாய், மதி. மீதிப் பாதி உனக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டது நான்தான். அதைச் சொல்லாமல் உன்னை அந்த வேலைக்கு அனுப்பினால் நான் மனுஷனே இல்லை.

முதலில் என் வாயைப் பற்றிச் சொல்கிறேன். காலை எட்டு இருபது வண்டியில் தாம்பரத்திலிருந்து கோட்டை வரைக்கும் நாங்கள் ஒரு கோஷ்டி. முன்பக்கத்திலிருந்து மூன்றாவது பெட்டி, அதே ஜன்னல், அதே ஆட்கள். சிலர் சீட்டு ஆடுவார்கள், சிலர் பஜனை பாடுவார்கள். நாங்கள் தலைவர்களை விசாரிப்போம். குரோம்பேட்டையில் ஒரு ஜனாதிபதியைக் கூண்டில் ஏற்றினால் மாம்பலம் வருவதற்குள் வாதம் முடிந்து, எழும்பூரில் நான் தீர்ப்புச் சொல்லிவிடுவேன். ஒருவர் "இவன் இத்தனை பேரைக் கொன்னான்" என்பார். இன்னொருவர் "அவன் அதைவிட டபுள் கொன்னான் சார், அதைக் கேக்க மாட்டேங்கிறீங்களே" என்பார். கிரிக்கெட்டில் ஸ்கோர் கேட்பது போலக் கேட்டுக்கொள்வோம். அந்தப் பேச்சிலிருந்துதான் எனக்குப் பட்டிமன்ற ஆசை வந்தது. பல்லாவரத்திலும் சேலையூரிலும் காலனி விழாக்களுக்கு என்னை நடுவராகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு சால்வை போடுவார்கள், ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுப்பார்கள். சின்ன வயதில் நீ அந்தச் சால்வைகளை எல்லாம் போர்த்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று என்னை மாதிரியே பேசிக் காட்டுவாய். எனக்குப் பெருமை தாங்காது.

அந்த ரயில் விசாரணையில் ஒரு விஷயத்தை நான் ரொம்ப நாள் கவனிக்கவில்லை. ஒவ்வொரு தலைவனும் இன்னொருவனை வைத்துத்தான் தப்பித்தான். இவன் செய்ததைப் பேச ஆரம்பித்தால் அவன் செய்தது குறுக்கே வரும். அவனைப் பேசினால் மூன்றாமவன் வருவான். கடைசியில் எல்லாருமே கொஞ்சம் குற்றவாளி, ஆகவே யாருமே குற்றவாளி இல்லை என்று முடித்துவிட்டு, கோட்டையில் இறங்கி அவரவர் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போடுவோம். செத்தவர்களைப் பற்றி அந்தப் பெட்டியில் யாரும் ஒரு நாளும் பேசியதில்லை. செத்தவர்களின் எண்ணிக்கையைப் பற்றி மட்டும்தான் பேசினோம். எவ்வளவு பெரிய எண்ணைச் சொல்கிறாயோ அவ்வளவு பெரிய அறிவாளி.

தவமணி ரீச்சர் நம் தெருவுக்குக் குடி வந்தது நீ ஒன்பதாவது படிக்கும்போது. ஏரிக்கரைப் பக்கம் அப்போது ஏழெட்டு வீடுகள்தான். அதில் கடைசி வீட்டின் பின்பக்கத்து ஒற்றை அறையில் அவரும் மகள் சுபத்திராவும் வந்து இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர் என்று உன் அம்மா கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தாள். அவர் "ரீச்சர்" என்று சொன்ன மாதிரியே நாமும் சொல்லிச் சொல்லி, அது அவர் பெயராகவே ஆகிவிட்டது. உனக்குக் கணக்கு என்றால் காய்ச்சல் வரும். அவரிடம் அனுப்பிய மூன்றாவது மாதம் நீ நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "அப்பா, இது ஈஸிப்பா, பயந்துட்டுத்தான் வரலை" என்று சொன்னாய். பீஸ் எவ்வளவு என்று கேட்டதற்கு அவர், "பிள்ளை எனக்குக் காய்கறி வாங்கித் தாறான் சேர், அது காணும்", அதுவே போதும் என்று சொல்லிவிட்டார். கணவரும் இளைய மகனும் போரில் செத்துப்போனார்கள் என்பது தெரியும். எப்படி என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததை மரியாதை என்று நினைத்துக்கொண்டோம்.

தொண்ணூற்றொன்று ஜனவரி. வளைகுடாவில் போர் தொடங்கியிருந்தது. டி.வி.யில் இருட்டில் பச்சையாக ஏதோ பறந்துகொண்டே இருக்கும். காலனிச் செயலாளர் அந்தோணி சார் வந்து, "குடியரசு தினத்துக்குப் புதுசா ஒரு தலைப்பு குடுங்க சார், மாமியாரா மருமகளாவே எத்தனை தடவை போடறது?" என்றார். நான் கொடுத்தேன். வளைகுடாவில் சாகும் அப்பாவி மக்களுக்கு அதிகம் பதில் சொல்ல வேண்டியவர் அண்டை நாட்டை விழுங்கிய தலைவரா, அவரை அடக்கக் குண்டு வீசும் தலைவரா? அந்தோணி சார் கையைத் தட்டினார். இன்று அந்தத் தலைப்பை எழுதும்போதே எனக்குக் கூசுகிறது. குண்டு விழுந்துகொண்டிருந்த அதே வாரத்தில், அதை வைத்து நாங்கள் இரண்டு அணி பிரித்தோம், மதி. நோட்டீஸ் அடித்தோம். சுண்டலுக்குச் சொல்லி வைத்தோம்.

அந்தச் சாயங்காலம் உனக்கு நன்றாக நினைவிருக்கும், இரண்டாவது வரிசையில் நீ சுபத்திராவுக்கும் ரீச்சருக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். காலையில் ஏற்றிய கொடி மேடைக்குப் பக்கத்தில் இருந்தது. முன் வரிசையில் விமானப்படையிலும் ராணுவத்திலும் இருந்து ஓய்வு பெற்ற நம் காலனிக்காரர்கள், குடும்பத்தோடு. இரண்டு அணியும் பிய்த்து உதறினார்கள். நல்ல சிரிப்பு. ஆனால் நடுவருக்கு ஒரு சமையல் முறை உண்டு. ஒரு மணி நேரம் சிரிக்க வைத்துவிட்டு, தீர்ப்புக்கு முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவழைக்க வேண்டும். அப்போதுதான் கைதட்டல் நிற்காது. அந்தக் கண்ணீருக்கு என்ன செய்யலாம் என்று மேடையிலிருந்து பார்த்தேன். ரீச்சர் தெரிந்தார். "போர் என்றால் என்ன என்று நமக்குப் பேப்பரில்தான் தெரியும். தெரிந்த ஒரு சகோதரி நம்மிடையே இருக்கிறார். அவருக்கு இந்தக் கொடுமையைச் செய்தது யார் என்று அவர் வாயாலேயே கேட்போம்" என்று மைக்கில் சொன்னேன். அவரிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வர மாட்டார் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. நீ தலையை ஆட்டி வேண்டாம் என்று எனக்குச் சைகை காட்டினாய். பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அவர் மேலே வந்தார். மைக்கை விட்டு ஒரு அடி தள்ளி நின்று, வகுப்பில் பாடம் சொல்லும் அதே குரலில் பேசினார். "எனக்கு மேடையில கதைச்சுப் பழக்கமில்லை. எங்கட வீட்டில செல் குண்டு விழுந்தது. இவரும் என்ர சின்னவனும் உள்ளுக்க. அவனுக்கு ஏழு வயசு. நானும் மகளும் கிணத்தடியில நிண்டம். யார் அடிச்சது எண்டு சேர் கேக்கிறார். எனக்குத் தெரியாது. அந்த நேரம் அங்க மூண்டு பகுதி துவக்கோட நிண்டது. இலங்கை ஆமி, இயக்கப் பெடியள், அமைதிப்படை எண்டு வந்த உங்கட ஆமி. நான் மூண்டு இடமும் போய்க் கேட்டனான். மூண்டு பேரும் மற்ற ரெண்டு பேரைக் காட்டினவை. நான் வேறொண்டும் கேக்கேல்லை. ஓம், எங்கட கையால நடந்திட்டுது எண்டு ஒரு ஆள் சொன்னால் காணும். இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் சொல்லேல்லை."

"உங்கட ஆமி" என்ற இடத்திலேயே முன் வரிசை இறுகிவிட்டது. குடியரசு தினம், கொடி பக்கத்தில், தன் பிள்ளை அந்தப் படையில் இருக்கிற தாய்மார்கள் எதிரில். யாரோ ஒருவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு எழுந்தார். அந்தோணி சார் என்னைப் பார்த்தார், ஏதாவது செய்யுங்கள் என்று. நான் அந்த இரண்டு ஜனாதிபதிகளில் ஒருவரைத்தான் தண்டிக்கத் தயாராக வந்திருந்தேன். இந்தப் பெண்மணி மூன்று பேரைக் கொண்டு வந்து நிறுத்துகிறார், அதில் ஒருவர் நாம். எனக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் எனக்குப் பேச்சு வரும். மைக்கை என் பக்கம் இழுத்து, "பாருங்க, சாட்சிக்கே குற்றவாளி யாருன்னு தெரியலை. ஆகவே இந்த வழக்கு தள்ளுபடி!" என்றேன்.

சிரித்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், தப்பிக்க ஒரு வழி காட்டினேன், அதில் ஓடினார்கள். அதற்குப் பிறகு நான் நிறுத்தவும் இல்லை. வளைகுடாவில் சாகிறவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் நம் பக்கத்து நாடுகளில் நடப்பது சின்ன விஷயம் என்றும், பெரிய படை ஒன்று போகும்போது சிறு தவறுகள் நேரத்தான் செய்யும் என்றும், நாம் மற்றவர்களைப் போல இல்லை என்றும் பேசி, மேடையை மீட்டேன். கைதட்டல் நிற்கவில்லை. ரீச்சர் படியிறங்கிப் போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்து போகவில்லை. நாட்டுப்பண் பாடி முடிக்கும் வரை எல்லாரோடும் நின்றார். மைக் செட் தனபால் வயரைச் சுருட்டிக்கொண்டே என்னிடம் வந்து, "இன்னா சார், அந்தம்மா அழுதிருந்தாகூட பரவால்ல சார். அழுவாம சொல்லிச்சு பாரு, அதான் பேஜாரா கீது" என்றான். படிக்காத அவனுக்குத் தெரிந்தது. எனக்கு அன்று சால்வை போர்த்தினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அவங்க பையன் செத்ததுக்கு நீங்க ஜோக் அடிச்சீங்களாப்பா?" நான் உனக்கு ஐந்து பதில் சொன்னேன். சூழ்நிலை அப்படி என்றேன், கலாட்டா ஆகியிருக்கும் என்றேன், அவருடைய நல்லதுக்குத்தான் என்றேன், வேறு நடுவராக இருந்தால் இதைவிட மோசமாகப் பேசியிருப்பான் என்றேன். ஐந்தாவது எனக்கே மறந்துவிட்டது. உனக்குப் பதினைந்து வயது. நீ அத்தனையும் கேட்டுவிட்டு, என் சால்வையை எடுத்து மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனாய். பத்தாவது பரீட்சை முடியும் வரை என்னோடு பேசவில்லை. ரீச்சர் மட்டும் எப்போதும் போல உனக்குப் பாடம் சொன்னார். வாசலில் என்னைப் பார்த்தால், "பிள்ளை நல்லாச் செய்யிறான் சேர்" என்பார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன். அந்த மார்ச் முழுக்க நினைத்தேன்.

இதுவரை உனக்குத் தெரிந்த பாதி. இனிமேல் தெரியாதது.

அந்த மே மாதம் இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் முன்னாள் பிரதமர் கொல்லப்பட்டார். அப்போது நீ வேலூரில் உன் அத்தை வீட்டில் லீவுக்கு இருந்தாய். ஊரே கொதித்தது. எனக்கும் கோபம் வந்தது, அது நியாயமான கோபம்தான். அவரோடு கூட்டத்தில் நின்ற சாதாரண ஜனங்களும் செத்தார்கள். அவர்களில் ஒருவர் பெயரைச் சொல்லு என்றால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் கோபம் போன திசை இருக்கிறதே, அது தப்பு. செய்தவன் எங்கேயோ இருக்க, ஊருக்கு ஊர் அகதி வீடுகளின் கதவைத் தட்டினார்கள். முகாமுக்கு வெளியில் தங்கியிருப்பவர்கள் எல்லாரும் போலீஸ் ஸ்டேஷனில் பதிய வேண்டும் என்றார்கள். வீட்டுக்காரர்கள் காலி பண்ணச் சொன்னார்கள். ரீச்சரின் வீட்டுக்காரரும் சொன்னார். குடியரசு தினத்தன்று அவர் பேசியதை அந்தத் தெருவில் யாரும் மறக்கவில்லை. நான் பேசியதைத்தான் மறந்துவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ரீச்சர் நம் வீட்டுக்கு வந்தார். சுபத்திராவும் கூட வந்து வாசலிலேயே நின்றாள். கையில் ஒரு வெள்ளைத் தாள், முத்து முத்தான எழுத்தில் அவரே எழுதியது. "ஸ்டேஷனில ஒரு நல்ல மனுசன் இருக்கிறார் சேர். இந்த இடத்தில இருக்கிற அரசாங்க உத்தியோகத்தர் ஒருத்தர், இவையை எனக்குத் தெரியும், இவையால ஒரு கரைச்சலும் இல்லை எண்டு கையெழுத்து வச்சுத் தந்தால், மகளின்ர படிப்பு முடியும் மட்டும் இஞ்சயே இருக்க விடலாம் எண்டவர். இல்லாட்டில் முகாமுக்குத்தான் அனுப்புவினமாம். தெரிஞ்சவை எண்டு எனக்கு நீங்கள்தான் சேர்." தாளில் இரண்டே வரி. இரண்டும் உண்மை. கீழே என் பெயருக்கு இடம் விட்டிருந்தார். உன் அம்மா உள்ளேயிருந்து பேனாவைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள்.

நான் போடவில்லை, மதி. "ஆபீஸ்ல மேலதிகாரியை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேம்மா, கவர்மெண்ட் ரூல் இருக்கு பாருங்க" என்றேன். அந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வுப் பட்டியல் வர இருந்தது. அவர் "ஓம் சேர், கேட்டிட்டுச் சொல்லுங்கோ" என்று தாளை வைத்துவிட்டுப் போனார். நான் யாரையும் கேட்கவில்லை. கேட்க எந்த ரூலும் இல்லை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ஒரு வண்டி முன்னால் போனேன். திரும்பும்போது ஏரியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்தேன். வியாழக்கிழமை காலை அவர் கேட் அருகே நின்று கூப்பிட்டபோது நான் இந்தக் கூடத்தில், இதே நாற்காலியில் இருந்தேன். உன் அம்மாவிடம் சொல்லி அனுப்பினேன், இல்லை என்று சொல் என்று. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு போய்ச் சொன்னாள். அதற்காக அவள் தன்னையும் மன்னிக்கவில்லை, என்னையும் மன்னிக்கவில்லை. வெள்ளிக்கிழமை இரண்டு பைகளோடு ஒரு ஆட்டோவில் போய்விட்டார்கள். ஸ்டேஷனுக்கு, அங்கிருந்து முகாமுக்கு.

ஜூன் மாதம் நீ வந்து கேட்டபோது, கனடாவில் சொந்தக்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டார்கள் என்று நான் சொன்னது பொய். நீ, "நல்ல வேளை, உங்க பட்டிமன்றம் இல்லாத ஊருக்குப் போயிட்டாங்க" என்றாய். ரோஷம் வர வேண்டிய இடத்தில் எனக்கு நிம்மதி வந்தது. அதற்குப் பிறகு எத்தனை தடவை, "ரீச்சர் ஏம்பா ஒரு லெட்டர்கூடப் போடலை?" என்று கேட்டாய். பிளஸ் டூவில் கணக்கில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு வாங்கிய அன்று, அட்ரஸ் கிடைக்குமா என்று கேட்டாய். அங்கே எல்லாரும் பிஸி என்று சொல்லிவிட்டேன். எட்டு வருடமாக நீ அவர்களைப் பனியில் கோட்டுப் போட்டு நடக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். நானும் அதையே பார்க்கப் பழகிக்கொண்டேன். பொய் சொன்னவனே நம்ப ஆரம்பித்துவிட்டால் அதைப் போலச் சௌகரியம் வேறு இல்லை.

பட்டியல் வந்தது, சூப்பரிண்டெண்டண்ட் ஆனேன், போன வருடம் ரிடையரும் ஆனேன். பட்டிமன்றத்தை விட்டுவிட்டேன் என்பது உனக்குத் தெரியும். தொண்டை சரியில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். தொண்டைக்கு ஒன்றும் இல்லை. எந்தத் தலைவனைப் பற்றிப் பேச வாயெடுத்தாலும் எனக்கு என் கூடம் ஞாபகம் வந்தது. உத்தரவு மேலிருந்து வந்தது என்று அவன் சொன்னால், நானும் ரூல் என்று சொன்னேனே என்று தோன்றும். என் கையால் ஒன்றும் நடக்கவில்லை என்று அவன் சொன்னால், நானும் கையெழுத்துப் போடாமல்தானே இருந்தேன் என்று தோன்றும். மற்றவன் செய்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று அவன் சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவேன். எனக்கும் அவனுக்கும் வித்தியாசம் இல்லை என்று சொல்ல வரவில்லை. வித்தியாசம் நிறைய இருக்கிறது. ஆனால் அந்த வித்தியாசத்தைச் சொல்லிச் சொல்லியே நான் எட்டு வருடம் தூங்கினேன்.

போன மாதம் மூன்று நாள் கும்பகோணம் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன் இல்லையா, கும்பகோணம் போகவில்லை. விசாரித்துக்கொண்டு அந்த முகாமுக்குத்தான் போனேன். மூன்று பஸ் மாற வேண்டும். கையில் அந்தத் தாள் இருந்தது, எட்டு வருடம் கழித்துக் கையெழுத்துப் போட்டது. பதிவேட்டைப் பார்த்த குமாஸ்தா, "இவங்க தொண்ணூத்தி நாலுலயே கப்பல்ல திரும்பிப் போயிட்டாங்களே சார்" என்றார். பக்கத்துக் குடிசையில் இருந்த ஒரு அம்மா ரீச்சரைத் தெரியும் என்று கூப்பிட்டு உட்கார வைத்தார். "ரீச்சருக்குப் போக விருப்பமில்லை. சுபாவுக்கு இஞ்ச காலேஜில இடம் குடுக்கேல்லை. அதுதான், அங்க போயாவது படிக்கட்டும் எண்டு போனவா. போய் ஒரு கடிதம் போட்டவா. பிறகு அங்கயும் சண்டை, சனமெல்லாம் இடம்பெயர்ந்தது. கடிதம் இல்லை" என்றார். நான் யார் என்று கேட்டார். தாம்பரத்துப் பக்கம் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "ஓம், அங்க ஒரு சேர் இருந்தவர் எண்டு சொல்லுவா. நல்லாக் கதைப்பாராம். கையெழுத்துக்குப் போனதாம், பாவம், அந்தாள் பயந்திட்டுது, பிள்ளைகுட்டிக்காரன் எண்டு சொல்லுவா. கோபமா ஒண்டும் சொல்லேல்லை." அந்த அம்மா கொடுத்த பிளெயின் டீயை என்னால் குடிக்க முடியவில்லை. என்னைத் திட்டியிருந்தார் என்று சொல்லியிருந்தால் குடித்திருப்பேன்.

இவ்வளவுதான் விஷயம். உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை, அதைக் கேட்க வேண்டிய இடம் வேறு, அந்த இடம் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. அப்பன் என்கிற உரிமையில் புத்தி சொல்லவும் எனக்கு வாய் இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அங்கே உன் மேஜைக்குத் தினமும் பெயர்கள் வரும். எத்தனை என்று எண்ணுவதற்கு முன்னால் அவற்றில் இரண்டு பெயரைத் தேடு. தவமணி, வயது இப்போது ஐம்பது இருக்கும். சுபத்திரா, இருபத்திரண்டு. நீ தேட வேண்டும், அவை அங்கே கிடைக்கக் கூடாது. நம் வீட்டில் சாமி கும்பிடாதவன் நான் ஒருவன்தான். இப்போது தினமும் காலையில் உன் அம்மாவுக்குப் பின்னால் நின்று இதைத்தான் கேட்கிறேன்.

செத்தவர் பெயர், ஊர், வயது எல்லாம் எழுதிய பிறகு, "பதில் சொல்ல வேண்டியவர்" என்று அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறதாம், அது பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கிறதாம். அம்மாவிடம் நீ சொல்லி வருத்தப்பட்டாயாம். ஒருவேளை அந்த இரண்டு பெயரும் உன் கைக்கு வந்துவிட்டால், அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதே. எந்தெந்தத் தலைவர், எந்தெந்தத் தளபதி என்று உனக்கு எழுத முடிந்ததை எல்லாம் எழுது, அவர்களை விட்டுவிடச் சொல்லவில்லை. கடைசியில் இன்னொரு வரியும் எழுது. இவர்கள் செம்பாக்கத்தில் பத்திரமாக இருந்திருக்கலாம், ஒரு கையெழுத்துப் போதுமாக இருந்தது, போட வேண்டியவன் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு இல்லை என்று சொல்லி அனுப்பினான் என்று எழுது. பெயர் கேட்பார்கள். அதற்காக நீ தயங்க வேண்டாம். அந்தத் தாளின் அடியில் நீ கையெழுத்துப் போடும்போது, உன் பெயருக்கு முன்னால் இனிஷியலாக நான்தான் இருப்பேன்.

அப்பா